88 துண்டுகளில் இரட்டைக் கோபுரம்: ஒரு தையல்காரியின் மதிப்புரை

எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில், போன மாதம் வரை பிளாஸ்டிக் ரோஜாச் சாடி இருந்த இடத்தில், இப்போது கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிறது, துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் அட்டைப் புதிராக. உயரம் 51 சென்டிமீட்டர், என் அளவு நாடாவால் அளந்தது. மொத்தம் 88 துண்டுகள். உள்ளே நுரை வைத்து இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய அட்டை. கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம் என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறது. விலை 39 வெள்ளி 90 காசு. நான், என் மகன், என் அப்பா மூன்று பேரும் சேர்ந்து ஆறு ராத்திரியில் கட்டி முடித்தோம். ஒரு வாரம் விடாமல் மழை பெய்ததும் அதில் ஓர் இடம் கிழிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. கட்டிய ஆறு நாளைவிட இந்த மூன்று வாரத்தில்தான் நான் அதிகம் தெரிந்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயரில் கடைக்கு வருகின்றன. செய்முறையும் அட்டையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, தீபாவளி நெருங்கினால் பஞ்சாபி சூட். பத்தொன்பது வருஷமாக இதுதான் தொழில். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் இடித்தபிறகு தாமானுக்கு, அதாவது நாங்கள் இருக்கும் வீடமைப்புப் பகுதிக்கு, எங்களோடு வந்துவிட்டார். வயது 74. மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. இந்தப் பெட்டியை வாங்கியதே அவனுக்காகத்தான். பள்ளி விடுமுறை தொடங்கி மூன்றாவது நாளே போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான்.

பெரிய சாலையில் பள்ளிப் பொருள், விளையாட்டுச் சாமான் எல்லாம் விற்கும் ஒரு சீனர் கடையில் வாங்கினேன். என் சிறு வயதிலேயே அந்தக் கடை இருந்தது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, எங்களோடு தமிழிலேயே பேசுவார். ஒரு காலத்தில் சம்பள நாளன்று தோட்டமே அங்கே வந்து நோட்டும் பென்சிலும் வாங்கிப் போகும், அந்தப் பழக்கம். நான் கேட்காமலே பெட்டியைத் திறந்து அட்டைத் தாள்களை எண்ணிக் காட்டினார். "வீட்டுக்குப் போய் ஒண்ணு கொறையுதுன்னு வந்தா எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம் தங்கச்சி" என்றார். எண்ணியபோதே கோபுர உச்சியில் வைக்கும் பிளாஸ்டிக் ஊசி ஒன்றின் முனை உடைந்திருந்தது தெரிந்தது. இன்னொரு பெட்டியைத் திறந்து நல்லதை எடுத்துக் கொடுத்தார். கைபேசியில் ஆர்டர் போட்டிருந்தால் ஐந்து வெள்ளி குறைந்திருக்கும், ஆனால் அந்த ஊசி கிடைத்திருக்காது.

இந்த மாதிரிப் புதிரைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சாதாரணப் புதிர்ப்படம் மேசைமேல் தட்டையாகக் கிடக்கும். இது எழுந்து நிற்கும். 1990-களில் கனடாவில் மொன்ட்ரியால் நகரத்து ரெபிட் என்ற நிறுவனம்தான் நுரை வைத்த அட்டையில் கட்டடம் கட்டும் இந்த வகையை வெளிநாடுகளில் பிரபலமாக்கியது. இப்போது உலோகத் தகட்டில் வருகிறது, மரத்தில் வருகிறது. உலோகத்துக்கு இடுக்கி வேண்டும், கண்ணும் நன்றாகத் தெரிய வேண்டும். அப்பாவுக்கு அது ஆகாது. நுரை அட்டையில் துண்டுகள் உள்ளங்கை அளவு இருக்கும், பிடிக்கச் சுலபம்.

பெட்டியைப் பிரித்ததும் என் கண் முதலில் போனது வெட்டின்மேல்தான். தையல்காரிக்கு வேறு எங்கே போகும். அட்டைத் தாளில் துண்டுகள் முக்கால்வாசி வெட்டிய நிலையில் இருக்கும், நாம் அழுத்தி எடுக்க வேண்டும். இந்தப் பெட்டியில் முன்பக்க வெட்டு அருமை, விளிம்பில் ஒரு பிசிர்கூட இல்லை. பின்பக்கத்தில் சில இடங்களில் கத்தி முழுக்க இறங்கவில்லை. அவசரப்பட்டு இழுத்தால் அச்சிட்ட காகிதம் உரிந்து வந்துவிடும். மகன் முதல் துண்டை அப்படித்தான் இழுத்தான், ஜன்னல் வரிசை ஒன்று தோலோடு வந்தது. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் போட்டு, ஒட்டியிருக்கும் இடத்தில் தையல் பிரிக்கும் ஊசியால் ஒரு கீறு கீறிக் கொடுத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். சவர பிளேடு இருந்தாலும் போதும்.

தட்டையான அட்டை கோபுரமாக மாறும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரவிக்கைத் துணியும் தட்டைதான். டாட் பிடித்து, வளைவு வெட்டி, தோளில் சேர்க்கும்போதுதான் அதற்கு உடம்பு வருகிறது. இதிலும் அதே வேலை. சுவர்த் துண்டில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடுகள் அழுத்தியிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் மடித்தால் எட்டுப் பக்கம் வரும். உள்ளே சக்கரம்போல ஒரு தட்டு, அதில் சுற்றிலும் பல். சுவரின் துளையில் அந்தப் பல் 'டக்' என்று போய் உட்காரும். மூன்று தட்டு வைத்துச் சுவரைச் சுற்றினால் கோபுரத்தின் ஒரு பகுதி கையில் நிற்கும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே அப்பா தூங்கப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

எட்டுப் பக்கம் என்றேன், உண்மைக் கோபுரம் அதைவிடச் சிக்கலானது. ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் வரும். நம் வீட்டில் போடும் கோலத்திலும் அதைப் பார்க்கலாம். அது இஸ்லாமிய அலங்காரத்தில் பழைய வடிவம். கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி அந்த நட்சத்திரத்தை எடுத்து, இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு உள்மூலையிலும் ஓர் அரைவட்டம் சேர்த்தார். உள்ளே இடம் கூடுதலாகக் கிடைப்பதற்காக. ஆகமொத்தம் ஒவ்வொரு மாடியும் எட்டு முனை, எட்டு அரைவட்டம். இந்தப் பெட்டியில் அரைவட்டம் இல்லை, நிழல்போல அச்சடித்து ஏமாற்றியிருக்கிறார்கள். அரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. கிட்டத்தில் போனால் தெரியும். நாற்பது வெள்ளிக்கு அட்டையை வளைத்துக் கொடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் கீழே ஒரு மாடிக்காவது அந்த வளைவைக் கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்கு வடிவம் புரிந்திருக்கும். மகனுக்கு நான் பழுப்புத் தாளில் சாக்கட்டியால் இரண்டு சதுரமும் எட்டு அரைவட்டமும் வரைந்து காட்ட வேண்டியதாகிவிட்டது.

நான் எதிர்பாராமல் மகிழ்ந்த ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒட்டினாற்போல் 44 மாடி உயரத்தில் இன்னொரு சிறிய உருளைக் கட்டடம் இருக்கிறது. புகைப்படத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பால்குடம் தூக்கும் அம்மா பக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்குமே, அப்படி நிற்கும். மலிவான பெட்டி, இதை விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. உயரமும் சரியாகப் பாதிக்கு வருகிறது.

சரி, கட்டிய கதை. உண்மையில் அந்த இரண்டு கோபுரத்தையும் ஒரே கூட்டம் கட்டவில்லை. முதல் கோபுரத்தை ஜப்பானியரின் ஹசாமா தலைமையிலான குழுவும், இரண்டாவதைக் கொரியாவின் சாம்சுங் தலைமையிலான குழுவும் கட்டின. பக்கத்துப் பக்கத்தில் நின்று போட்டிபோட்டு ஏறியிருக்கின்றன. மகனுக்கு இது பள்ளியில் சொல்லித் தெரியும். "தாத்தா கொரியா, நான் ஜப்பான்" என்று அவனே பிரித்துவிட்டான். அடித்தளமும், இரண்டு கோபுரத்தையும் நடுவில் இணைக்கும் பாலமும் என் பங்கு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இப்படியே பிரித்துக் கட்டுங்கள். ஒருவரே இரண்டு கோபுரத்தையும் கட்டினால் இரண்டாவது வெறும் திருப்பிச் செய்யும் வேலை, அலுத்துவிடும்.

ஆனால் பிரிப்பதற்கு முன் துண்டுகளைப் பார்த்து அடுக்கிவிடுங்கள். பெட்டியின் பெரிய குறை இங்கேதான். இரண்டு கோபுரத்தின் துண்டுகளும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும், வேறுபாடு பாலம் செருகும் துளையில் மட்டும். முதல் கோபுரத்தில் அது வலப்புறம், இரண்டாவதில் இடப்புறம். பின்னால் எண் அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சின்ன எழுத்து. வழிகாட்டித் தாளில் ஆங்கிலமும் சீனமும் மட்டும், படத்தை நம்பித்தான் போக வேண்டும். பதினான்காவது படத்தில் சுவரை உள்பக்கமாகக் காட்டுகிறார்களா வெளிப்பக்கமாகக் காட்டுகிறார்களா என்று எங்கள் மூன்று பேருக்கும் புரியவில்லை. மூன்றாம் ராத்திரி இரண்டு கோபுரமும் நிமிர்ந்து நின்றபோது, இரண்டு துளையும் ஒரே திசையைப் பார்த்தன. அப்பாவின் கோபுரத்தைப் பாதிவரை பிரித்தோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மண்டோர் வந்து திரும்பச் செய்யச் சொன்னா செய்யாம இருப்போமா" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தார்.

பிரிக்கும்போதுதான் அப்பாவின் கையைக் கவனித்தேன். ஒரு பல் துளைக்குள் இறுகிப்போய் வரவில்லை. நானாக இருந்தால் இழுத்திருப்பேன். அவர் பழைய கத்தியை வாங்கி, பல்லின் ஓரத்திலிருந்து மெல்லிய சுருள் ஒன்றை எடுத்தார். காகிதத்துக்கும் நுரைக்கும் நடுவே, அவ்வளவு மெல்லிசு. பால்மரம் வெட்டுகிறவர்கள் அப்படித்தான் பட்டையைச் சீவுவார்கள். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகக் கூடாது. ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சுப்போட்டு வீங்கிவிடும், பிறகு அங்கே கத்தி ஓடாது. விடிவதற்கு முன்னாலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரத்தில் செய்த வேலை. 74 வயதில் கைக்கு நடுக்கம் வந்திருக்கிறது, காப்பிக் கோப்பை ஆடுகிறது. ஆனால் கத்தியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. நானும் மகனும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாம் ராத்திரி ஊசிகளைச் செருகினோம். அவ்வளவு உயரத்தில் மகனின் கை எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறினான். உண்மையில் ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் 73.5 மீட்டர் உயரத்துக்கு ஊசிமுனை இருக்கிறது. உண்மைக் கோபுரத்தின் முழு உயரம் 452 மீட்டர், அதனால் எங்கள் கோபுரத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 8.9 மீட்டர். அதன்படி ஊசி 8.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளந்தேன், எட்டுக்கு மேல் ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீட்டர் கூட. நன்று. கணக்கு என்று இறங்கிவிட்டதால் மகன் எல்லாவற்றையும் அளக்கச் சொன்னான். பாலம் தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 19 சென்டிமீட்டர் வர வேண்டும், வந்தது. பாலத்தின் நீளம் 58 மீட்டர், இங்கே ஆறரை சென்டிமீட்டர் வர வேண்டும். வந்தது ஐந்துதான். ஆக, கோபுரங்களைப் பக்கத்தில் நெருக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டி சிறிதாக இருக்கட்டும் என்று அடித்தட்டைக் குறுக்கியிருக்க வேண்டும். இதில் எனக்கு வருத்தம். அந்த இரண்டு கோபுரத்தின் அழகே நடுவில் விட்ட இடைவெளியில் இருக்கிறது.

அப்பா மட்டும் வேறொன்று கேட்டார். "வேரு எங்கே?" மகன் தேடிச் சொன்னான்: மண்ணுக்குள் 60 மீட்டரிலிருந்து 114 மீட்டர் ஆழம்வரை கான்கிரீட் தூண்கள் இறங்கியிருக்கின்றன. அடியில் சுண்ணாம்புக்கல், அதில் குகையும் பள்ளமுமாக இருந்ததால், முதலில் குறித்த இடத்திலிருந்து கோபுரங்களையே தள்ளி வைத்தார்கள். அதன்பின் தூண்களுக்கு மேலே நான்கரை மீட்டர் கனத்தில் கான்கிரீட் தட்டு, ஒரு கோபுரத்துக்கு 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றியது. எங்கள் அளவுக்கு 114 மீட்டர் என்றால் மேசைக்குக் கீழே 13 சென்டிமீட்டர். அப்பா மேசைக்கு அடியில் கையை விட்டுச் சாண் போட்டுப் பார்த்தார். எங்கள் பக்கமும் சுண்ணாம்புக்கல் மலைதான், ஈப்போ போகும் சாலையில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரியும், அதற்குள் குகைக் கோயில்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கல்லின்மேல் 452 மீட்டரை நிறுத்தியிருக்கிறார்கள் என்றதும் அவருக்கு அந்த அட்டைமேல் மரியாதை வந்துவிட்டது.

பெட்டி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடித்தட்டுக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி அச்சடியுங்கள்.

இனி மழை. கட்டி முடித்த வாரத்திலேயே சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் முன்னறைக்கு ஏர்கோன் கிடையாது. ஜன்னல் திறந்தே இருக்கும். எட்டாவது நாள் காலையில் பார்த்தால் முதல் கோபுரம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, மூன்று மில்லிமீட்டர் இருக்கும். சாய்ந்த வேகத்தில் பாலத்தின் பல் துளையை இழுத்து, சுவரின் காகிதத்தைக் கிழித்திருந்தது. 41-ஆம் மாடிக்குப் பக்கத்தில் வெள்ளையாக நுரை தெரிந்தது. மகன் அழுதுவிட்டான்.

ஏன் சாய்ந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. சட்டைக் காலருக்குள் கேன்வாஸ் ஒட்டுவோம். துணியும் கேன்வாஸும் ஒரே அளவு சுருங்காவிட்டால், முதல் துவையலிலேயே காலர் சுருண்டுவிடும். இங்கேயும் அதுதான். அட்டையின் முன்பக்கம் பளபளப்புப் பூச்சு இருக்கிறது, ஈரம் இறங்காது. பின்பக்கம் வெறும் காகிதம், ஈரத்தைக் குடித்து விரிகிறது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் அட்டை வளையத்தானே செய்யும். பின்பக்கத்துக்கும் அதே பூச்சைக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஈரக் காற்றுள்ள நம் நாட்டில் விற்கிற சாமானுக்கு அதைச் செய்திருக்க வேண்டும். இதை நான் பெரிய குறையாகவே சொல்கிறேன்.

இதற்குள் இரண்டு தவறைத் தவிர்த்தோம், நீங்களும் செய்துவிடாதீர்கள். வளைந்த அட்டையை இஸ்திரி போட்டு நிமிர்த்தலாமே என்று எனக்குத் தோன்றியது. நல்ல வேளை, துண்டுகளைப் பிரித்தெடுத்தபின் மீந்த ஓரச் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நுரை உருகி அட்டை பப்படம்போலச் சுருங்கிவிட்டது. அப்புறம் கிழிந்த இடத்தை ஒட்ட மகன் செருப்பு ஒட்டும் பசையைக் கொண்டுவந்தான். அதையும் ஓரச் சட்டத்தில் ஒரு சொட்டு விட்டேன். பெட்ரோல் வாசனை வரும் பசை நுரையைக் கரைத்துக் குழி போட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் சரி. ஓரச் சட்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள், சோதனைக்கும் ஒட்டுப்போடவும் அவைதான் உதவும்.

வளைந்த சுவர்களைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, பழைய நாளிதழுக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். இரண்டு நாளில் நிமிர்ந்தன. பின்பக்கத்தில் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு, மறுபடி அம்மிக்கல். இதைக் கட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் எல்லாம் மிச்சம்.

பாலம்தான் பாக்கி. எப்படி ஒட்டினாலும் அடுத்த மழைக்குக் கிழியும் என்று தோன்றியது. விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் ரயிலேறி கோலாலம்பூர் போய் உண்மையான பாலத்தையே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சுங்கை சிப்புட்டிலிருந்து நேராக இடிஎஸ் என்ற மின்சார ரயில் இருக்கிறது. அப்பா அந்தக் கோபுரத்தை முன்பு ஒரே முறைதான் பார்த்திருக்கிறார், ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியாக. டிக்கெட் எடுத்தால் முதலில் 41-ஆம் மாடியில் வான்பாலத்தில் நிற்கவிடுகிறார்கள், அதன்பின் 86-ஆம் மாடி. பாலத்தில் நின்றபோது வழிகாட்டிப் பெண் சொன்ன ஒரு விஷயம் எங்கள் மூன்று பேரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைத்தது. பாலத்தைக் கோபுரங்களோடு இறுக்கிக் கட்டவில்லை. காற்றில் கோபுரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். பாலத்தை இரண்டிலும் இறுக்கிக் கட்டியிருந்தால் ஆடுகிற கோபுரம் அதைப் பிய்த்துவிடும். அதனால் பாலத்தின் இரண்டு முனையும் கோபுரத்துக்குள் கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும்படி தாங்கிகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. 29-ஆம் மாடியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து ஏறும் கால்கள் பாலத்தின் நடுவில் வந்து முட்டிப் பிடிக்கின்றன. அந்தக் கால்கள்தான் பாலத்தை நடுவிலேயே வைத்திருக்கின்றன. 750 டன் எடையுள்ள பாலம், 1995-இல் கீழேயிருந்து தூக்கி ஏற்றியது.

"நம்ம பொட்டியில ரெண்டு பக்கமும் பல்லு வச்சு இறுக்கிட்டான்ல" என்றார் அப்பா.

அதேதான். பெட்டியைச் செய்தவர்கள் வெளியே தெரிகிற எல்லாவற்றையும் பார்த்து வரைந்திருக்கிறார்கள். பாலம் ஏன் அப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. சாய்வுக் கால்களும் பெட்டியில் இருக்கின்றன, ஆனால் சும்மா அலங்காரத்துக்கு. பாரத்தைத் தாங்குவது துளையில் செருகிய பல். உண்மையில் இருப்பதற்கு நேர் தலைகீழ். கிழிந்ததற்கு மழை பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

ரயிலில் திரும்பி வரும்போதே அப்பா திட்டம் போட்டுவிட்டார். மறுநாள் பாலத்தின் இரண்டு பல்லையும் அந்தப் பழைய கத்தியால் சீவி எடுத்தார். ஓரச் சட்டத்திலிருந்து நகத்தின் அகலத்துக்கு இரண்டு தட்டு வெட்டி, இரண்டு கோபுரத்தின் துளைக்கும் கீழே வெள்ளைப் பசையால் ஒட்டினோம். பாலத்தின் முனை அந்தத் தட்டின்மேல் உட்கார வேண்டும். அதன் அடியில் வைக்க, பழைய சைக்கிள் டியூபிலிருந்து எள்ளளவு ரப்பர் வெட்டித் தந்தார். "ரப்பர் நசுங்கும், நசுங்கினாலும் திரும்பி வரும்" என்றார். 2014-இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலத்துக்கு அடியிலும் இயற்கை ரப்பரில் செய்த தாங்கிகள்தான் வைத்திருக்கிறார்கள், நிலநடுக்கம் வந்தாலும் தாங்கட்டும் என்று. மகன் அதைப் படித்துக் காட்டியபோது அப்பா இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். காலம் முழுக்கப் பால் எடுத்தவர். பால் வாளி லாரியில் ஏறியபின் எங்கே போனது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சாய்வுக் கால்கள் அட்டையில் இருந்தால் பாரம் தாங்காது என்று, சட்டை மடிப்பில் குத்திவரும் குண்டூசிகளைத் தலை நறுக்கி உள்ளே செருகினேன். கால்களின் அடியைக் கோபுரத்தில் குத்தி, மேல்முனை இரண்டையும் பாலத்தின் நடு வயிற்றில் பசை வைத்துச் சேர்த்தோம். முனைகளில் பசை வைக்கவில்லை. மூன்று விரலால் முதல் கோபுரத்தை மெதுவாகத் தள்ளினால் கோபுரம் ஆடுகிறது, பாலம் நடுவிலேயே இருக்கிறது, முனை மட்டும் மயிரிழை அளவுக்கு வழுக்கிக்கொடுக்கிறது. மகன் அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தான்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்பேன். நாற்பது வெள்ளிக்கு ஆறு ராத்திரி மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தோம். முன்பக்க அச்சு நல்லது, வெட்டு நல்லது, உயரக் கணக்கு சரியாக இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், சுவரை மடிக்கும்போது சின்னப் பிள்ளைகள் கோடு இல்லாத இடத்தில் மடித்துவிடுவார்கள். ஏர்கோன் அறையில் வைப்பவர்களுக்குப் பெட்டியில் சொல்லியிருக்கிறபடி கட்டினாலே போதும். எங்களைப்போல் ஜன்னல் திறந்த வீடு என்றால், கட்டுவதற்கு முன்பே சுவர்களின் பின்பக்கம் பசைத் தண்ணீர் பூசிக் காயவையுங்கள், பாலத்தின் பல்லை வெட்டிவிடுங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் கூடவே ஒரு சின்னப் புட்டி வெள்ளைப் பசையும் வைத்துக் கொடுங்கள். பெட்டியில் பசை வேண்டாம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

அதே கடையில் தாஜ்மகால் பெட்டியும் ஐஃபெல் கோபுரமும் இருக்கின்றன. அப்பாவுக்கு ஐஃபெல் வேண்டுமாம். அது முழுக்க இரும்புச் சட்டம், அட்டையில் எப்படி வரும் என்று எனக்குச் சந்தேகம். தீபாவளித் தையல் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பாலத்தின் முனை தட்டின்மேல் உட்காரும் இடத்தில் சாக்கட்டியைக் கூராகச் சீவி ஒரு கோடு போட்டிருக்கிறேன், மிஷினில் தைப்பதற்கு முன் துணியில் குறி வைப்பதுபோல. நேற்றும் முந்தாநாளும் நல்ல மழை. இன்று காலை காப்பியோடு வந்த அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பாலம் கோட்டைவிட்டு ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது. காகிதம் கிழியவில்லை. மத்தியானம் வெயில் வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியை அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.